நூற்று நாற்பத்தைந்தாவது மூட்டை

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். லூஹி தேவாலயத்து மணியின் மேல் சத்தியம், இந்த வருஷத்துப் பிளம்ஸ் சாராயத்தின் மேல் சத்தியம், செயின்ட் மார்ட்டின் திருநாளுக்கு அறுபடப்போகும் வாத்தின் மேலும் சத்தியம். ஒன்றின் மேல் மட்டும் ஆணையிடுகிறவனை நம்பக் கூடாது. நம்பிக்கை இல்லாதவர்கள் மொராவா ஆற்றங்கரைக்கு வந்து யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள்.

லூஹியின் கீழ்த்தெருவில் கடைசி வீடு வில்லெமுடையது. டவுனில் இருந்த பெரிய விமானத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி அடித்தவர் அவர். தொழிற்சாலை ஆள் குறைத்தபோது வீட்டுக்கு வந்து, பன்றிக் கொட்டகையைக் கழுவி, சுண்ணாம்படித்து, அதற்குள் விற்பனைக்கு விமானம் செய்ய ஆரம்பித்தார். இரண்டு பேர் அருகருகே உட்காரும் சின்ன விமானம். அந்தப் பக்கத்தில் இது பெரிய அதிசயமில்லை. சில ஊரில் வீட்டுக்கு வீடு கோழி வளர்ப்பார்கள், இங்கே நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் சிறகு வளரும்.

படம் வரைந்ததும் கணக்குப் போட்டதும் மகள் ரடானா. பிர்னோ நகரத்தில் பொறியியல் படித்துவிட்டு, முப்பத்தோரு வயதில், சம்பளமில்லாத வேலைக்கு அப்பாவிடம் வந்து சேர்ந்தவள். அலுமினியத் தகட்டை வெட்டி வளைத்து ரிவெட் அடிப்பது வில்லெம். ஓட்டை போட்ட இடத்தில் நிற்கும் பிசிறைச் சுரண்டி எடுப்பது அவர் மனைவி ஹெட்விகாவின் வேலை. ஒரு விமானத்துக்குப் பதினாலாயிரம் ஓட்டை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம். அடுக்களை மேசையில் ஒரு பக்கம் உருளைக்கிழங்கு, ஒரு பக்கம் தகடு. பிளம்ஸ் பழத்தில் கொட்டை எடுக்கும் அதே விரலால் அவள் பிசிறைத் தடவிப் பார்ப்பாள். சூப்பில் அலுமினியத் தூள் விழாத நாள் கிடையாது. அந்த வீட்டுப் பூனை காந்தத்தில் ஒட்டாது என்று தெருவில் சொல்வார்கள். அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது என்பதால் அது உண்மைதான்.

ஜூலையில் சிறகுச் சோதனை. சிறகு எவ்வளவு தாங்கும் என்பதைப் பறந்து பார்த்துக் கண்டுபிடிக்கக் கூடாது. தரையிலேயே விமானத்தைக் கவிழ்த்துப் போட்டு, சிறகின் மேல் மணல் மூட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்க வேண்டும். காற்று எப்படித் தூக்குமோ அப்படி மணல் அழுத்தும். ரடானாவின் கணக்குப்படி ஒரு பக்கச் சிறகு ஆயிரத்து எழுநூறு கிலோ தாங்கியாக வேண்டும். பத்துக் கிலோ மூட்டையாக நூற்றெழுபது. இரண்டு பக்கத்துக்கும் முன்னூற்று நாற்பது.

மூட்டை கட்டத் தெருவே வந்தது. ரடானா ஒரு வாளியில் சிவப்புக் கோடு போட்டு வைத்திருந்தாள். கோடுவரை நிரப்பினால் பத்துக் கிலோ.

"கோட்டோட நிறுத்துங்க. ஒரு கை கூடவும் வேணாம், ஒரு கை குறையவும் வேணாம்" என்று கத்திக்கொண்டே இருந்தாள்.

"ஏம்மா, பக்கத்து வீட்டுக்கு அளந்து குடுத்தா நல்லாவா இருக்கும்?" என்றாள் எதிர்வீட்டு அபொலெனா. "எங்கம்மா முட்டை வித்தப்பக்கூட டஜனுக்குப் பதிமூணு குடுத்தா."

"இது முட்டை இல்ல அபொலெனா அக்கா."

"அது தெரியுது. முட்டைன்னா நீ இவ்வளவு கத்த மாட்டே."

கீழ்த்தெருவில் கொசுறு இல்லாமல் எதுவும் கை மாறாது. பால், விறகு, உருளைக்கிழங்கு, வம்பு, எல்லாவற்றிலும் ஒரு கை கூட. பிளம்ஸ் சாராயம் வடிக்கும் போஹூஷே இதற்குச் சாட்சி. வடிக்கும் கூலி பழத்தின் எடைக்கு. கூடையைத் தராசில் வைப்பார்கள், முள் நாற்பத்திரண்டில் நிற்கும், போஹூஷ் "நாற்பது!" என்று கூவுவான். எந்தக் கூடைக்கும் இரண்டு கிலோ தள்ளுபடி. வெளியூர்க்காரன் யாராவது ஏனென்று கேட்டால், "எங்க தெருவுல அப்படித்தான்" என்பான். அந்தத் தராசைப் பெருவெள்ளத்துக்குப் பிறகு சேற்றிலிருந்து தோண்டி எடுத்து, ஒடிந்த காலைப் பற்றவைத்துக் கொடுத்தவர் வில்லெம். அதற்காக அவருக்கு வருஷம் ஒரு புட்டி.

இப்படிப்பட்டவர்கள்தான் மூட்டை கட்டினார்கள். ரடானா பார்த்தபோது கோட்டோடு நிறுத்தினார்கள். பார்க்காதபோது நிறுத்தினார்களா என்று அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை.

சனிக்கிழமை காலை அடுக்கினார்கள். நூறு மூட்டைக்குச் சிறகு முனை ஒரு சாண் தாழ்ந்தது. நூற்று இருபதுக்கு ஒரு முழம். நூற்று முப்பதில் தகடு பேச ஆரம்பித்தது. டப், டப் என்று, அடுப்பில் ஏற்றிய காலித் தகரம் போல. நூற்று நாற்பத்து நாலு. வில்லெம் ஒரு மூட்டையைக் குழந்தையைக் கிடத்துவதுபோல் இடப்பக்கச் சிறகின் மேல் கிடத்தினார். நூற்று நாற்பத்தைந்து.

சத்தம் சின்னதாகத்தான் வந்தது. சிறகின் உள்ளே நெடுக ஓடும் உத்திரம் முறிந்து, மூட்டைகள் சரிந்து, கொட்டகை முழுக்கப் புழுதி. புழுதி அடங்கியபோது ரடானா நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆயிரத்து நானூத்தம்பது" என்றாள். "இருக்க முடியாது."

"உடைஞ்சு கிடக்கும்மா" என்றார் வில்லெம்.

"கண்ணு தெரியுதுப்பா எனக்கு. கணக்குல உடையலைன்னு சொல்றேன்."

அன்று இரவுச் சாப்பாட்டில் பூண்டு சூப்பும் பன்றிக் கொழுப்பு தடவிய ரொட்டியும். ஹெட்விகா இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். வழக்கமாக அது அவள் இடமில்லை.

"உத்திரத்தைத் தடிமனாக்கிடலாம்" என்றார் வில்லெம். "சிறகுக்கு ஆறேழு கிலோ ஏறும். ஏறட்டும்."

"மூணு தடவை கணக்குப் போட்டாச்சு. பிர்னோவுல என் வாத்தியார்கிட்டயும் காட்டியாச்சு. உத்திரம் சரியாத்தான் இருக்கு."

"உன் வாத்தியார் மூட்டை தூக்கினாரா?"

"நீங்க காகிதம் படிச்சீங்களா?"

"காகிதம் மணல் தாங்காதும்மா."

"ரொட்டி ஆறுது" என்றாள் ஹெட்விகா. ரொட்டி ஏற்கெனவே ஆறித்தான் இருந்தது.

வில்லெம் ஜெயித்தார். ஆகஸ்டும் செப்டம்பரும் புதிய சிறகுகள் செய்வதில் போயின. வெளியே பிளம்ஸ் பழுத்து விழுந்து, குளவிகள் குடித்துவிட்டுத் தள்ளாடின. உள்ளே ஹெட்விகா நாலாயிரம் புதிய ஓட்டைகளுக்குப் பிசிறு எடுத்தாள். புதிய சிறகை மறுபடி ஏற்றினார்கள். நூற்றெழுபது மூட்டையும் தாங்கியது. தெருவே கைதட்டியது. ரடானா மட்டும் தட்டவில்லை.

சிறகு தாங்கியது, விமானம் குண்டாகிவிட்டது. இரண்டு ஆள், நிறைந்த பெட்ரோல், எல்லாம் சேர்த்து அறுநூறு கிலோவுக்கு மேல் போனால் இந்த வகை விமானத்துக்கு அனுமதி கிடையாது. பதின்மூன்று கிலோ அதிகம். இருக்கைப் பஞ்சைப் பிய்த்தார்கள். கதவுக் கைப்பிடியைத் தோல் வாராக மாற்றினார்கள். வில்லெம் சாயத்தைக்கூடச் சுரண்டினார். இரண்டு கிலோதான் குறைந்தது. மிச்சம் பதினொன்று. இருக்கைகளுக்குப் பின்னால் இருந்த பெரிய பாராசூட், ஆபத்தில் விமானத்தையே அப்படியே தொங்கவிட்டுக் கீழே இறக்கும் பாராசூட், அதன் எடை பதினொன்றரை.

"அதைத் தவிர எதை வேணாலும் எடுங்க" என்றாள் ரடானா.

"வேற என்ன இருக்கு எடுக்க?"

"உங்க தடிமன் உத்திரம் இருக்கே. சும்மாதானே உள்ள படுத்திருக்கு, வயசான மாமனார் மாதிரி."

"மூட்டைக்கு முன்னால நின்னு சொல்லு இதை."

"சரி!" நாற்காலி பின்னால் விழ எழுந்தாள். "எடுத்தாச்சுன்னு வெச்சுக்குங்க. அனுமதி வர்ற வரைக்கும்தான். அப்புறம் வாங்கறவன் தலையெழுத்து."

அவளே ஸ்பானரை எடுத்துக்கொண்டு போய்க் கழற்றினாள். கழற்றியதை அடுக்களைக்குக் கொண்டுவந்து, ஹெட்விகாவின் மாவுப்பெட்டி மேல் வைத்தாள். மூன்று நாள் அது அங்கேயே இருந்தது. ஹெட்விகா சுற்றிச் சுற்றி மாவு எடுத்தாளே ஒழிய, நகர்த்தவில்லை. கோபம் ஆறினால் யாராவது ஒருவர் திரும்ப எடுத்துப்போய் மாட்டுவார்கள் என்று நினைத்தாள். இரண்டு பேரும் மற்றவர் எடுப்பார் என்று காத்திருந்தார்கள்; யாரும் எடுக்கவில்லை. ஒரே பிடிவாதம், ஒரே மூக்கு.

கடைசிச் சோதனை பம்பரச் சோதனை. உயரப் போய், விமானத்தை வேண்டுமென்றே பம்பரமாகச் சுழன்று விழ விட்டு, மூன்று சுற்றில் நிறுத்திக் காட்ட வேண்டும். முழு எடையோடு. ஓட்டுவது ரடானா. பக்கத்து இருக்கைக்கு எண்பது கிலோ ஆள் வேண்டும். உயிருள்ள ஆளை ஏற்றக் கூடாது. அதனால் குவியலிலிருந்து எட்டு மூட்டையை எடுத்து, இருக்கையில் அடுக்கி, வாரால் இறுக்கினார்கள். போஹூஷ் தன் பழைய தொப்பியை அதற்கு மாட்டிவிட்டான். தெரு அவருக்கு மணல் மாமா என்று பேர் வைத்தது.

"மாமா வாயைத் திறக்க மாட்டார். அந்த வகையில நம்ம ஆம்பளைங்களைவிட மேல்" என்றாள் அபொலெனா.

"குடிக்கவும் மாட்டாரு. அதுதான் நம்ப முடியல" என்றான் போஹூஷ்.

முதுகில் கட்டும் பாராசூட் ரடானாவிடம் இருந்தது. பஞ்சு பிய்த்த அந்த இருக்கையில் அதைக் கட்டி உட்கார்ந்தால் விமானத்தை ஓட்டும் ஸ்டிக் வயிற்றில் இடித்தது, முழுதாகப் பின்னால் இழுக்க முடியவில்லை. கழற்றி அம்மாவிடம் கொடுத்தாள். "பாத்துக்கோம்மா, ஈரம் படாம" என்றாள்.

நவம்பர் ஏழு. காலையெல்லாம் பனிமூட்டம். பத்து மணிக்கு விலகியது. ஹெட்விகா புல்வெளி ஓரம் முக்காலி போட்டு உட்கார்ந்து, திருநாள் வாத்தை உரித்துக்கொண்டிருந்தாள். கை சும்மா இருந்தால் அவளால் மேலே பார்க்க முடியாது. பக்கத்தில் வில்லெம், கையில் ரேடியோ.

இடப்பக்கம் மூன்று சுற்று. நின்றது. இன்னொரு தடவை இடப்பக்கம். நின்றது. தெரு கைதட்டியது. பிறகு வலப்பக்கம், மணல் மாமா உட்கார்ந்திருந்த பக்கம்.

ஹெட்விகா இறகு பிடுங்குவதை நிறுத்தாமல் எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு என்றபோது வில்லெம் திரும்பி அவளைப் பார்த்தார், அவள்தான் தப்பாக எண்ணிவிட்டாள் என்பதுபோல். ஐந்து. ஆறு. மூக்கு கீழே பார்க்காமல், வட்டத் தட்டு சுழல்வதுபோல் படுக்கையாகச் சுழன்றது.

"அப்பா, நிக்க மாட்டேங்குது" என்றது ரேடியோ. சாதாரணக் குரல்தான். கொட்டகையிலிருந்து ஆணி கேட்கும் குரல்.

"ஸ்டிக்கை முன்னால தள்ளு! எதிர்க்கால் மிதி!"

"தள்ளிட்டேன். மிதிச்சிட்டேன்." ஒன்பது. பத்து. "மணல் மாமாகூட இறங்கிப் பிடிக்க மாட்டேங்கறாரு."

அதுதான் கடைசி. பதினாலாவது சுற்று பீட்ரூட் வயலில் முடிந்தது. சர்க்கரை எடுக்கும் அந்தக் கிழங்கைப் பறித்துக் குவித்திருந்த வயல். எட்டு மூட்டையும் கிழிந்து, கருப்பு மண்ணில் மஞ்சள் மணல் சிதறிக் கிடந்தது. போஹூஷின் தொப்பிக்கு ஒரு கீறல் இல்லை. அதை அவன் அப்புறம் போட்டதில்லை.

பாதி உரித்த வாத்தை ஹெட்விகா வீட்டுக்கு எடுத்துவந்து, மீதியையும் உரித்து முடித்தாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

டிசம்பர் கடைசியில் தலைநகர் பிராகிலிருந்து விமான விபத்து விசாரணை மனிதர் வந்தார். மெலிந்த ஆள், கண்ணாடி, நனைந்த ஷூ. கெட்டவர் இல்லை. அறிக்கை வரைவை மேசைமேல் வைத்தார். முதல் சிறகு கணக்கிட்ட எடையைத் தாங்காமல் முறிந்தது. காரணம், கணக்கில் பிழை. அதைச் சரிக்கட்டப் போட்ட கனமான சிறகால் விமானம் சுழலிலிருந்து மீளவில்லை. பிழை செய்தவர் என்ற இடத்தில் ரடானாவின் முழுப்பெயரும் பட்டமும் இருந்தன.

வில்லெம் அந்த வரியைப் படித்தார். மறுபடி படித்தார்.

"என் பொண்ணு கணக்குல தப்பு பண்ண மாட்டா" என்றார்.

"நீங்களே அதைத் தப்புன்னுதானே சிறகை மாத்தினீங்க?" என்றார் அந்த மனிதர், மெதுவாக.

விசாரணை மனிதர் போன பிறகு வில்லெம் கொட்டகைக்குப் போய், மூட்டைக் குவியலுக்கு எதிரே கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தார். இரண்டு நாள் சாப்பிட வரவில்லை. ஹெட்விகா சூப்பைக் கொண்டுபோய் வைத்து, சூப்பைத் திரும்பக் கொண்டுவந்தாள்.

மூன்றாம் நாள் போஹூஷ் வந்தான். தொப்பியில்லாத தலையில் பனி.

"டேய் வில்லெம். ஒண்ணு சொல்லணும். அடிக்கிறதுன்னா அடி."

"சொல்லித் தொலை."

"மூட்டை கட்டினப்ப நான் கொசுறு போட்டேன். அவ பாக்காதப்ப. மூட்டைக்கு நாலு கை. கை நிக்கலடா."

வில்லெம் அவனை நெடுநேரம் பார்த்தார். "நாலு கைன்னா எவ்வளவு இருக்கும்?"

"ஒரு ரெண்டு கிலோ."

ஹெட்விகா வாசலில் சூப்புக் கிண்ணத்தோடு நின்றாள். உள்ளேயும் வரவில்லை, திரும்பியும் போகவில்லை.

மத்தியானம் அபொலெனா வந்து தானும் போட்டதாக அழுதாள். சாயங்காலத்துக்குள் இருபத்தாறு பேர் வந்து ஒப்புக்கொண்டார்கள். ஜூலையில் அந்த வாரம் முழுக்க ஆஸ்பத்திரியில் குடலிறக்கத்துக்குப் படுத்திருந்த தபால்காரர்கூட வந்து, தானும் இரண்டு கை போட்டதாகச் சொன்னார். கீழ்த்தெருவில் ஒரு நல்ல காரியம் நடந்தால் யாரும் விடுபட விரும்ப மாட்டார்கள்.

ஜனவரியில் பிராக் மனிதரை மறுபடி வரவழைத்தார்கள். முழங்கால் அளவு பனி. குவியலிலிருந்து அவரே பத்து மூட்டையைத் தேர்ந்தெடுத்தார். சறுக்கு வண்டியில் ஏற்றி, போஹூஷின் வடிசாலைக்கு இழுத்துப் போனார்கள். உள்ளே அடுப்புச் சூட்டில் அவர் கண்ணாடி ஆவி படிந்து வெளுத்தது. அவர் துடைத்து மாட்டுவதற்குள் முதல் மூட்டை தராசில் ஏறியாகிவிட்டது.

"பன்னிரண்டு" என்றார் வில்லெம்.

ஹெட்விகா நோட்டில் எழுதினாள். ரடானாவின் நோட்டு.

"மணல் ஈரமோ?" என்றார் அந்த மனிதர்.

"ஆறு மாசமா கொட்டகைக்குள்ள கிடக்கு ஐயா. காய்ஞ்சுதான் இருக்கும்" என்றான் போஹூஷ். ஒரு மூட்டை இறங்கும் முன்பே அடுத்ததை அதன் பக்கத்தில் ஏற்றிவிட்டான். குளிர்காலத்தில் இந்த ஊர் வேலை அப்படித்தான் ஓடும்.

"பன்னிரண்டு. பன்னிரண்டேகால். பன்னிரண்டு." எல்லோருடைய தாராளமும் ஒரே அளவில் இருந்தது. அந்த மனிதர் குனிந்து, தராசில் அரசாங்கம் அடித்த பித்தளை முத்திரையைக் கையுறையால் துடைத்துப் பார்த்தார். முத்திரை இருந்தது. பத்தாவது மூட்டை தராசில் இருக்கும்போதே அபொலெனா சூடான சாராயத்தோடு வந்து, "ஷூவைக் கழட்டுங்க ஐயா, பாதம் செத்துப்போயிடும்" என்று கையைப் பிடித்து அடுப்புப் பக்கம் அழைத்துப்போனாள்.

அவர் அடுப்போரம் உட்கார்ந்து பென்சிலால் கணக்குப் போட்டார். நூற்று நாற்பத்து நாலு மூட்டை, தலைக்குப் பன்னிரண்டு. ஆயிரத்து எழுநூற்று இருபத்தெட்டு. வேண்டியது ஆயிரத்து எழுநூறு.

"முதல் சிறகு சரியாத்தான் இருந்திருக்கு" என்றார்.

ஊறல் பீப்பாய் ஒன்று மட்டும் குமிழி விட்டது.

"இதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்குப் புரியுதா?" என்று வில்லெமைக் கேட்டார். "மூட்டையை எடை பார்க்காம ஏத்தினது நீங்க. நல்ல சிறகைத் தள்ளிட்டு, கனமான சிறகைப் போட்டது நீங்க. பாராசூட்டை எடுத்தது..."

"நான்தான்" என்றார் வில்லெம்.

ஹெட்விகாவின் பென்சில் நின்றது. மாவுப்பெட்டியும், அதன் மேல் ஸ்பானரோடு நின்ற மகளின் முதுகும் அவள் கண்ணில் வந்தன. அவள் நோட்டை மூடினாள்.

"மொத்தப் பழியும் உங்க மேல வரும். இனிமே ஆள் ஏறுற எதையும் நீங்க செய்யவே முடியாது."

"எழுதிக்குங்க" என்றார் வில்லெம். "அவ பேரை மட்டும் சரியா எழுதுங்க."

மார்ச்சில் அறிக்கை வந்தது. கணக்கில் பிழை ஏதும் இல்லை என்று ஒரு வரி. ஹெட்விகா அந்தப் பக்கத்தை மட்டும் கத்தரித்து, ரடானாவின் படத்துக்குப் பின்னால் சட்டத்துக்குள் வைத்தாள். அடுத்த பக்கத்தில் வில்லெமின் பெயர் பதினொரு முறை வந்தது. அது அடுப்புக்குப் போனது.

அவர் இப்போது அலுமினியத்தில் தள்ளுவண்டி செய்கிறார். வண்டிக்கு நாற்பத்தோரு ரிவெட். பிசிறை இப்போதும் ஹெட்விகாதான் எடுக்கிறாள். ஊரில் யார் வந்து கேட்டாலும், கொசுறு ஒரு உயிரைக் குடித்த கதையைக் கீழ்த்தெரு தலைகுனிந்து சொல்லும், ஒருவர் விட்ட இடத்தை இன்னொருவர் தொடர்வார்.

போஹூஷின் தராசு, பெருவெள்ளம் வந்த வருஷத்திலிருந்து, வெறுந்தட்டிலேயே இரண்டு கிலோ காட்டும்.